முத்திரை வைக்க இடமில்லை

சென்ற வாரம் கலைமதியை இரவுப் பணியின் நடுவே விட்டுவந்தோம். திருப்பெரும்புதூர் நெடுஞ்சாலையோரத்துத் தனியார் மருத்துவமனையில், விபத்துக்குள்ளான லாரி ஓட்டுநர் ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, விடிந்தால் தன் எதிர்காலம் ஓர் உறைக்குள் அடங்கித் தில்லிக்குப் புறப்பட்டுவிடும் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. சீருடையை மாற்றிக்கொண்டு, முகத்தில் நாலு கை தண்ணீரை அடித்துக்கொண்டு, ஒரகடம் வரை பேருந்திலும் அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலுமாகப் படப்பைக்கு வந்து இறங்கினாள்.

குவைத்தில் உள்ள மருத்துவமனை ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அவளுடைய செவிலியர் பட்டயச் சான்றிதழ், முறையான முத்திரைகளுடன் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும்.

முறையான முத்திரைகள் என்பதற்குப் பொருள் இதுதான். மூன்றரை ஆண்டுகள் படித்து, பிணவறை வாடையையும் பிரசவ அறைக் கூக்குரலையும் பழகிக்கொண்டு, தேர்வெழுதித் தேறிய பெண்ணுக்குச் செவிலியர் கவுன்சிலின் பதிவாளர் கையெழுத்திட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அவர் கையெழுத்து மெய்யானது என்று சென்னையில் ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரியின் கையெழுத்து மெய்யானது என்று தில்லியில் வெளியுறவு அமைச்சகம் முத்திரையிட வேண்டும். அந்த முத்திரையும் மெய்யானதுதான் என்று குவைத்துத் தூதரகம் தன் முத்திரையைப் பதிக்க வேண்டும். கையெழுத்தை நம்பாத கையெழுத்து. முத்திரையை நம்பாத முத்திரை. அந்தப் பெண் நோயாளிக்கு ஊசி போடுகிற பக்குவத்தைப் பார்க்க மட்டும் இவர்களில் ஒருவருக்கும் நேரமில்லை.

இந்தக் கதவுகளையெல்லாம் தட்டித் திறந்து கொடுப்பதாகச் சொல்லிப் படப்பைக் கடைவீதி மாடியில் அலுவலகம் வைத்திருப்பவர் காசிராஜன். பிழைப்புத் தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். இப்போது பிழைப்புத் தேடிப் போகிறவர்களால் பிழைக்கிறவர்.

மாடிப்படியின் அடியிலேயே கலைமதியின் தகப்பனார் எல்லப்பன் காத்திருந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் முகப்பில், மாடு மேயாத புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை அவருக்கு. அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது ஒரு காலத்தில் அவர் நெல் விளைவித்த மண். இன்று வார விடுமுறை. மகள் பணியிலிருந்து நேரே வருவதால், வீட்டுப் பெட்டியிலிருந்த பெரிய காக்கி உறையை அவர்தான் எடுத்து வந்திருந்தார்.

"துன்னியாம்மா?" என்றார்.

"அப்புறம் சாப்ட்டுக்கலாம் நைனா. மொதல்ல இத குடுத்துட்டு வந்துடலாம்."

மாடியில் காசிராஜனின் மேசைமேல் உறைகள் அடுக்கியிருந்தன. இன்று மாலை அவருடைய ஆள் அவற்றை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறான். நாளை அங்கே வேலை முடிந்ததும் அப்படியே தில்லிக்கு இரயில் ஏறுகிறான். இந்தக் கட்டோடு போகாத தாள் மாதக் கடைசிக்குள் குவைத்துக்குப் போகாது.

"வாங்கம்மா. ஒங்களுக்காகத்தான் கட்டக் கட்டாம வச்சிருக்கேன்," என்று கையை நீட்டினார் காசிராஜன்.

எல்லப்பன் உறையைக் கொடுத்தார். காசிராஜன் உள்ளே விரலை விட்டுத் தாளை வெளியே இழுத்தார். சன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டு அவர் முகத்திலேயே திருப்பி அடித்தது.

சான்றிதழுக்கு முன்னும் பின்னும் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு ஓரமும் சூட்டில் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது.

காசிராஜன் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினார். டக்டக்கென்று சத்தம் கேட்டது.

"எம்மா, முத்திரைய எங்க வைக்கதுக்கு? இந்தப் பின்பக்கத்துலதான அத்தன பேரும் குத்தணும். பிளாஸ்டிக்ல மை நிக்குமா, ஸ்டிக்கர்தான் நிக்குமா? கவுண்டர்ல கையாலகூடத் தொட மாட்டான்."

கலைமதி சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர், பதிவாளரின் நீலக் கையெழுத்து, கவுன்சிலின் ஊதா வட்ட முத்திரை எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. ஒன்றையும் தொட முடியவில்லை.

"ஜெராக்ஸ் கொண்டாந்து தந்த ஒங்க அண்ணன்ட்ட அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஒரிஜினல்ல ஒரு கீறல் விழக் கூடாது, மடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் போடவே கூடாதுன்னு. வீட்டுல சொல்லலியா?"

அண்ணன் தமிழ்வாணன் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பான். கலைமதி மெல்லத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

அந்த வீட்டைப் பற்றி அறிந்தவர்கள் எவரும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருப்பார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த ஆண்டில், எல்லப்பனின் பட்டாவைக் கரையான் அரித்திருந்தது. இழப்பீட்டுக்கு அலைந்த அலைச்சலில் ஒவ்வோர் எழுத்தரும் அவரை அந்தக் கரையானைக் காட்டியே விரட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் கைக்குக் கிடைத்த தாளையெல்லாம் பிளாஸ்டிக்கில் அடைக்கத் தொடங்கினார். நகல் பட்டா, சாதிச் சான்று, பிள்ளைகளின் சாதகம், மனைவியின் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் அந்த வீட்டில் பளபளக்கும். இந்தச் சான்றிதழை மட்டும் தொடாதே என்று கலைமதி அவரிடம் கையடித்து வாக்கு வாங்கியிருந்தாள்.

"நைனா, நீயா?"

எல்லப்பன் அந்தத் தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நாந்தாம்மா. பத்திரமா கீட்டுமேன்னு..."

காசிராஜன் நாற்காலியில் சாய்ந்தார். "என்னத்தச் சொல்ல. கவுன்சில்ல டூப்ளிகேட் கேட்டா, தொலஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கணும், அப்புறம் மாசக்கணக்கா நடக்கணும். குவைத்துக்காரன் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா? ஒண்ணு செய்யுங்க. பிளாஸ்டிக்கப் பிரிக்க முடியுமான்னு பாருங்க. ஆள் கெளம்புறதுக்குள்ள கொண்டாந்தா சேத்துவிடுதேன். கிழிஞ்சிட்டுன்னா எங்கிட்ட வராதிய."

ஷேர் ஆட்டோ ஒரகடத்தை நோக்கி ஓடியது. இரண்டு பக்கமும் புதிய மனைப்பிரிவுகளின் கொடிகள் பறந்தன. அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்து நின்றது கலைமதிக்கு.

"உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன் நைனா. கையடிச்சுக் குடுத்தியே."

எல்லப்பன் வெளியே பார்த்தார்.

"பிளாஸ்டிக் போட்டா போட்டது போவாதுன்னு யாரு சொன்னாங்க உனக்கு? பட்டாவுக்குந்தான் போட்ட. நெலம் நின்னுச்சா?"

எதிரில் உட்கார்ந்திருந்த சீருடைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்பது கலைமதிக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

"நெலத்த காப்பாத்தத் தெரியல. பொண்ணயாவது போவ வுட்டிருக்கலாம்."

"திட்டிக்கோ," என்றார் எல்லப்பன். "இன்னா வேணா திட்டிக்கோ."

ஒரகடம் கூட்டுச்சாலையில் அவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. ஆறிய தேநீரை அவரே குடித்தார். பேருந்து வந்ததும் சுங்குவார்சத்திரத்துக்கு இரண்டு சீட்டு வாங்கினார்.

"நேரா லீலா கடைக்குப் போலாம். நம்ம வூட்டுதெல்லாம் அவதான போடறா. போட்டவளுக்குப் பிரிக்கத் தெரியாதா?" என்றாள் கலைமதி.

எல்லப்பன் முகம் சட்டென்று மாறியது. "லீலா கடை இன்னாத்துக்கு? திருப்பெரும்புதூர்லயே பெரிய கடையா பாத்து எறங்கிக்கலாம்."

"போட்ட மிசின் அவகிட்டதான கீது?"

"அவளுக்கு இன்னாம்மா தெரியும். சின்னப் பொண்ணு."

திருப்பெரும்புதூரில் பேருந்து நின்றபோது எழுந்த எல்லப்பன், கலைமதி எழாததைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தங்கும் விடுதிக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவில் லீலாவின் ஜெராக்ஸ் கடை. அருகிலிருந்த பெரிய போன் தொழிற்சாலை நடந்தவரை, வேலைக்கு மனு எழுதும் பிள்ளைகளால் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. போன கார்த்திகையில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு கையெழுத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கையெழுத்து மெய்யானதா என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனவர்களில் தமிழ்வாணனும் ஒருவன்.

லீலா சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதயாக்கா பிரிக்கணும்? என்னால ஆவாதுக்கா. நான் ஒட்டறவ. பிரிச்சுப் பழக்கமில்ல. மேல இருக்கிற மையெல்லாம் உரிஞ்சிகினு வந்துடும்."

"எங்க நைனா குடுக்கும்போது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே லீலா."

"நைனாவா?" லீலா நிமிர்ந்தாள். "தமிழண்ணன்தான கொண்டாந்துச்சு. போன வாரம் ஒரு ஆளு, வெளிநாட்டுக்குப் போற பேப்பர்ல ஒட்டிட்டன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தான். அதனால தமிழண்ணன கேட்டேன், அக்கா வெளிநாட்டுக்குப் போவுதுன்னாங்களே, இதுக்குப் போடலாமாண்ணான்னு. அது போவல, செவுத்துல மாட்டப் போறோம், நல்ல தடி கவரா போடுன்னுச்சு."



கலைமதி திரும்பினாள். எல்லப்பன் கடைக்கு வெளியே, போகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பேருந்திலும் அவருக்கு ஏற வேண்டிய தேவை இல்லை.

அவள் அவர் எதிரில் போய் நின்றாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்த ஆளு கவர்லேர்ந்து வெளியே எடுத்தப்பதான் தெரிஞ்சுது. பெட்டியத் தொறந்தவன் அவன் ஒருத்தன்தான."

"அப்புறம் ஏன் நாந்தான்னு சொன்ன?"

எல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத் திட்டினா ராவுக்குள்ள மறந்துடுவம்மா. அவனத் திட்டினா மறக்க மாட்ட."

ஷேர் ஆட்டோவில் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கலைமதிக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. இந்த மனிதர் இன்று பொய் சொன்னார். அவளுக்காகச் சொல்லவில்லை.

வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். தமிழ்வாணன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் தாயார் பாஞ்சாலி குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

கலைமதி தொலைக்காட்சியை நிறுத்தினாள். சான்றிதழை அவன் தலைமாட்டில் வைத்தாள்.

"செவுத்துல எங்கண்ணா மாட்டப் போற? ஆணி அடிச்சிட்டியா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். தகப்பனைப் பார்த்தான். அவர் முகத்திலிருந்து எந்த உதவியும் கிடைக்கவில்லை.

"பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

"அந்த வரிய நைனா காலையிலயே சொல்லிட்டாரு. வேற சொல்லு."

அவன் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

"இன்னா சொல்லச் சொல்ற? தெருவுல போனா, தமிழு, தங்கச்சி குவைத்துக்குப் போவுதாமே, நீ இன்னா பண்ணப் போறன்றான். இருங்காட்டுக்கோட்டையில பொண்ணு பாக்கப் போனா, மாப்ள இன்னா வேலன்னு கேக்கல, மாப்ள தங்கச்சி எந்த ஊர்லன்னு கேக்கறான். நீ ஏரோபிளேன்ல போய்க் குந்திக்குவ. நான் இங்க உன் பணத்துல சோறு துன்னுகினு, உன் பேர சொல்லிகினு திரியணுமா?"

"இப்ப யாரு பணத்துல துன்ற?"

அவன் முகம் கறுத்தது. "நான் மட்டுமா இத செஞ்சேன்? அம்மாவ கேளு."

அடுப்பங்கரையில் கரண்டி நின்றது. பாஞ்சாலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஆமாம்மே. போவாம இருக்க ஒரு வழி பாருடான்னு நாந்தான் சொன்னேன். இப்ப இன்னான்ற? நர்சு வேலைன்னாலே ஊருல நாலு பேரு நாலு விதமா பேசறான். அரபு நாட்டுக்குன்னா கேக்கணுமா? ரெண்டு வருசம் கழிச்சு வந்தா உன்ன எவன் கட்டிக்குவான்?"

"அந்த நர்சு வேலையில வந்த அரிசிய ஒலையில போடும்போது நாலு பேரு வரலியாம்மா?"

விடையில்லாதபோது பாஞ்சாலி அழுவாள், அழுதாள். மற்ற நாளாக இருந்தால் அந்த அழுகைக்குக் கலைமதி இறங்கியிருப்பாள். இன்று அவள் சுவரோரம் போய், துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்து மின்சாரத்தில் மாட்டினாள்.

"நீ போன் கம்பெனி லைன்ல இன்னா வேல பாத்தண்ணா?"

தமிழ்வாணனுக்குப் புரியவில்லை. "தெரியாத மாதிரி கேக்கற. ஸ்கிரீன்மேல பிலிம் ஒட்டறது."

"ஒட்டறது மட்டுமா?"

"குமிழ் வுழுந்துட்டா பிரிச்சு எடுக்கணும். அதுக்கு லைன்ல என்ன விட்டா ஆள் கிடையாது. சூப்பர்வைசரே என்னத்தான் கூப்புடுவாரு." சொல்லும்போது அவன் குரலில் பழைய மிடுக்கு ஒரு நொடி எட்டிப் பார்த்தது.

"அப்ப இத பிரி."

"கிழிஞ்சிடும் கலை."

"கிழிஞ்சா நான் போவல. உங்க ரெண்டு பேருக்கும் வேண்டியது அதான? திருட்டுத்தனமா கடைக்கு எடுத்துகினு போய்ச் செய்யாத. என் கண்ணெதிர்ல செய். கிழிக்கணும்னா கிழி. நான் கைய புடிக்க மாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் முகம் மழிக்கும் பிளேடையும் ஒரு பருத்தித் துண்டையும் கொண்டுவந்தான்.

சிமெண்டுத் தரையைத் துடைத்துச் சான்றிதழைக் குப்புறப் போட்டான். ஒட்டியிருந்த ஓரங்களைத் தாளுக்கு ஒரு நூலளவு வெளியே பிளேடால் அறுத்தான். துண்டை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஒற்றினான், தேய்க்கவில்லை. ஒரு மூலையை நகத்தால் நெம்பினான். பிளாஸ்டிக் தாளைவிட்டு மயிரிழை அளவு எழும்பியது.

"மேல இழுத்தா பேப்பர் கூடவே வரும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "மடிச்சுப் பின்னால கொண்டாறணும்."

வேலை போன நாளிலிருந்து சோற்றைப் பிசையவும் சானலை மாற்றவும் மட்டுமே எழுந்த கை அது. இப்போது நடுக்கமே இல்லாமல் வேலை செய்தது. இந்தக் கையை வேண்டாம் என்று சொல்லி வாசலை அடைத்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஒற்றினான், மடித்தான், இழுத்தான். பின்பக்கம் முழுதும் வெள்ளையாக, சுத்தமாக, முத்திரைகளுக்கு இடம் காட்டிக்கொண்டு வெளியே வந்தது.

எல்லப்பன் சுவரோரம் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார்.

தமிழ்வாணன் தாளைப் புரட்டினான். முன்பக்கம் கடினம். அச்செழுத்துகள் தாளிலேயே நிற்கும், கையெழுத்து மையும் முத்திரை மையும் பிளாஸ்டிக்கோடு போனால் போனதுதான். அவள் பெயர் தப்பியது. தேர்ச்சி பெற்ற ஆண்டு தப்பியது. பதிவாளரின் கையெழுத்தருகே வந்ததும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தாளிலேயே நின்றன.

வட்ட முத்திரை மட்டும் மீதி இருந்தது. பாதி முத்திரை பிரிந்தபோது அவன் கை நின்றது. பிளாஸ்டிக்கின் அடியில் ஊதா நிறம் ஏறியிருந்தது.

"மை வருது," என்றான்.

"வுட்டுடுடா," என்றாள் பாஞ்சாலி. "அப்டியே வுட்டுடு. அவளுக்கு எழுதி வெச்சது அவ்ளோதான்."

தமிழ்வாணன் தாய் பக்கம் திரும்பவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"இழு," என்றாள் கலைமதி.

இன்னொரு முறை ஒற்றி, மிகவும் பொறுமையாக இழுத்தான். பிளாஸ்டிக் முழுதும் கழன்று வந்தது. முத்திரையின் மேற்பாதி அழுத்தமாக இருந்தது. கீழ்ப்பாதி சாயம் போன துணிபோல் வெளுத்திருந்தது. அந்தப் பாதியின் சாயல், எழுத்துகள் இடவலம் மாறி, அவன் கையிலிருந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னால ஆனது இவ்ளோதான் கலை."

அவள் சான்றிதழைக் காக்கி உறைக்குள் வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். தன் பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், கடவுச்சீட்டு, தன் பெயர் உள்ள தாள் எதுவோ அதையெல்லாம் எடுத்துத் தோள்பையில் வைத்தாள். பாஞ்சாலி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. இதுவரை தேவைப்படவில்லை.

"பைக்ல கொண்டுபோய் வுடறேன்," என்றான் தமிழ்வாணன். "நேரமாயிடும்."

"வேணாம்."

"நானாவது வரட்டுமாம்மா?" என்றார் எல்லப்பன்.

"வேணாம் நைனா."

படப்பை மாடியில் காசிராஜன் கட்டின்மேல் கயிற்றைச் சுற்றிவிட்டிருந்தார். சென்னைக்குப் போகவேண்டிய ஆள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கலைமதி மூச்சிரைக்க உறையை நீட்டினாள்.

அவர் தாளைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். புரட்டினார். பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"ஆத்தாடி. யாரும்மா பிரிச்சா? எம்புட்டுச் சுத்தமான கை."

"எங்க அண்ணன்."

"அப்ப, போட்டது நெசமாவே ஒங்க அப்பாவா?"

கலைமதி, கட்டின்மேல் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுல எல்லாரும் சேந்து போட்டது சார்."

காசிராஜன் வெளுத்த முத்திரையைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாதி நிக்கி, பாதி இல்ல. சென்னையில கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டாலும் கேப்பான், தில்லியில ஒதுக்குனாலும் ஒதுக்குவான். இப்பவே ஒண்ணும் சொல்ல மாட்டேன். சேத்துவிடுதேன். ஏதாவது கேள்வி வந்தா ஒடனே போன் வரும். அந்த நேரத்துல எடுத்துச் சரியான பதில் சொல்லணும். எடுக்கலன்னா, தப்பாச் சொன்னா, அந்தப் பேப்பர் அன்னைக்கே அடுக்குக்கு அடியில போயிரும்."

உறையின் மேல் அவளுடைய பெயரும் அதனடியில் ஒரு கைப்பேசி எண்ணும் எழுதியிருந்தன. "இந்த நம்பர்தான? ஒங்க அண்ணன் குடுத்தது."

நாளை முதல் கலைமதிக்குப் பகல் பணி. பணியில் இருக்கும்போது செவிலியர்கள் கைப்பேசி வைத்துக்கொள்ள மருத்துவமனையில் அனுமதி கிடையாது. பகலெல்லாம் வீட்டில் இருப்பவன் என்பதால், தமிழ்வாணனின் எண்ணைக் கொடுக்கும்படி அவளேதான் சொல்லியிருந்தாள்.

கலைமதி மேசைமேலிருந்த பேனாவை எடுத்தாள். அந்த எண்ணின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது.

சன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையருகே எல்லப்பன் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் அடுத்த வண்டி பிடித்து வந்திருக்கிறார். மாடியை ஏறிட்டுப் பார்த்தார். ஆனால் மேலே வரவில்லை.

அவருடைய எண் அவளுக்கு மனப்பாடம். எப்போது அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுப்பார். எடுத்து, அன்றைக்கு எந்தப் பிள்ளைக்காகப் பேசுவார் என்பதுதான் தெரியாது.

"எழுதும்மா," என்றார் காசிராஜன். "பையன் வண்டிக்கு நிக்கான்."

பேனா தாளைத் தொட்டபடி நின்றது.